கையுறை இல்லாமல் எடுத்த இரத்தம்

நாட்றாம்பாளையம் மாதிரி ஊர்களிலிருந்து மருத்துவம் படிக்கப் போகும் தம்பி, தங்கைகள் டாக்டர் செல்லப்பன் நிர்மலாவைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1985இல் அவர் சென்னையில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவி. ஆய்வேட்டுக்கு எச்ஐவியைத் தேடச் சொன்னவர் பேராசிரியர் சுனிதி சாலமன். பாலியல் தொழிலுக்காகப் பிடித்து, அரசு இல்லத்தில் அடைத்து வைத்திருந்த பெண்களிடம் 3 மாதத்தில் 80க்கும் மேற்பட்ட இரத்த மாதிரிகளை எடுத்தார் நிர்மலா. கையுறைகூடக் கிடையாது. சீரத்தைப் பிரித்து வீட்டு ஃபிரிட்ஜில்தான் வைத்தார். 1986 பிப்ரவரியில் கணவரோடு ரயிலேறி, வேலூர் சிஎம்சியில் சோதித்தபோது 6 மாதிரிகள் மஞ்சளாக மாறின. இந்தியாவில் எச்ஐவி இருப்பது அப்படித்தான் தெரியவந்தது.

எதற்கு இரத்தம் எடுக்கிறோம் என்று அந்தப் பெண்களிடம் சொல்லவில்லை. நிர்மலாவே பின்னாளில் இதை ஒத்துக்கொண்டார். அவர் துணிச்சலை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அடைபட்டுக் கிடப்பவள் கையை நீட்டினால் அது சம்மதமா?

அடுத்து வந்தது அதைவிடக் கொடுமை. தொற்று இருந்த பெண்களைத் தண்டனைக் காலம் முடிந்தும் வெளியே விடவில்லை. பத்திரிகையாளர் ஷியாமளா நடராஜ் பொதுநல வழக்குப் போட்டு, 1990இல் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் கதவு திறந்தது.