நெறிக்கட்டு (பெங்களூரு)

நெறிக்கட்டு என்பது நிணநீர்க்கணு வீங்கித் தோலுக்கடியில் கைக்குத் தட்டுப்படும் நிலை. காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கிலும், கையில் காயம் பழுத்தால் அக்குளிலும், பல் சொத்தையானால் தாடைக்கடியிலும் நெறி கட்டும். இது தனி நோயன்று. வேறோரிடத்தில் நடப்பதன் அடையாளம். தென்னைமரத்தில் தேள் கொட்டப் பனைமரத்தில் நெறி கட்டியதாம் என்ற பழமொழி, தொடர்பில்லாததைத் தொடர்புபடுத்துவோரைக் கேலி செய்வது. கொட்டிய இடம் ஒன்று, கட்டும் இடம் வேறு என்ற கவனிப்பு மட்டும் உடற்கூற்றியலுக்கு அப்படியே பொருந்தும். பெங்களூரு வரலாற்றில் நெறிக்கட்டு பேசப்பட்டதெல்லாம் பெரும்பாலும் 1898-இல் தொடங்கிய பிளேக் ஆண்டுகளில்தான். அதற்கு முந்திய காலத்துக்குக் குறிப்புகள் மிக அரிது.

சொல்

நிணம் பழந்தமிழில் கொழுப்பைக் குறித்தது. நிணநீர், நிணநீர்க்கணு என்பவை பிற்காலக் கலைச்சொற்கள். நிணநீர்ச் சுரப்பி என்றும் எழுதுவர். கணு எதையும் சுரப்பதில்லை என்பதால் அது சரியன்று. ஆயினும் மருத்துவமனை வரிசையில் நிற்பவர் 'கழுத்துல கிளாண்டு வீங்கியிருக்கு' என்றுதான் சொல்கிறார். நாட்டு மருத்துவம் இடத்துக்கொரு பெயர் வைத்திருந்தது. கழுத்தில் மணி கோத்ததுபோல் வரிசையாகக் கட்டினால் கண்டமாலை. தொடை இடுக்கில் கட்டினால் அரையாப்பு. கண்டமாலை எனப்பட்டவற்றில் பெரும்பகுதி, நிணநீர்க்கணுவில் வரும் காசநோயான, இன்று கணுக்காசம் எனப்படுவதாக இருக்கலாம். அரையாப்பு பெரும்பாலும் மேகநோயோடு சேர்த்துப் பேசப்பட்டது.

பழைய அறிக்கைகளைப் படிப்போர் ஒரு சொல்லில் விழிப்பாக இருக்க வேண்டும். பெரியம்மைத் தடுப்புக்காகக் கன்றின் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரையும் 19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலம் 'லிம்ஃப்' என்றே குறித்தது. ஆகவே அக்கால மைசூர், சென்னை ஆவணங்களில் லிம்ஃப் என்று வருவது பெரும்பாலும் நிணநீரன்று. தமிழர் அதை அம்மைப்பால் என்றனர். குழப்பத்துக்கு இடமே வைக்கவில்லை.

இயக்கம்

இரத்த நுண்குழாய்களிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் 20 லிட்டர் நீர் திசுக்களுக்குள் கசிகிறது. 17 லிட்டர் அளவு அங்கேயே இரத்தத்துக்குத் திரும்ப, மீதி 3 லிட்டரை நிணநாளங்கள் வாங்கிக்கொள்கின்றன என்பது பாடநூல் கணக்கு. அண்மைக்கால ஆய்வாளர் பலர், நுண்குழாய் திரும்ப உறிஞ்சுவது மிகக் குறைவு, நிணநாளத்தின் பங்கு கூடுதல் என்கின்றனர். வாங்கிய நீர் கணுக்கணுவாகக் கடந்து மார்பு நாளத்தில் சேர்ந்து, இடக் கழுத்தடியில் பெருஞ்சிரையில் கலக்கிறது. இதற்கு இதயம்போல் தனி விசையில்லை. நாளச் சுவரின் சுருக்கமும், நடக்கும்போது தசை பிழிவதும், மூச்சின் ஏற்ற இறக்கமும் நீரைத் தள்ளுகின்றன. உள்ளேயுள்ள தடுக்கிதழ்கள் பின்வாங்க விடுவதில்லை. நாளெல்லாம் நின்றே வேலை பார்ப்பவரின் பாதம் மாலையில் கனப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெங்களூருவாசிக்கு இதை விளக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. பேராறு இல்லாத இந்த ஊரில் ஓர் ஏரி நிறைந்து, கோடி வழிந்து, ராஜகாலுவே எனப்படும் பெருவாய்க்கால் வழியே அடுத்த ஏரிக்குப் போகும். ஒவ்வோர் ஏரியிலும் வண்டல் தங்கும். கணுக்கள் ஏரிகள், நாளங்கள் காலுவேக்கள். காலுவேயை அடைத்து வீடு கட்டிய இடத்துக்கு மேலே தெருவில் தண்ணீர் நிற்பதுபோல, நாளம் அடைபட்டால் அதற்கு அப்பாலுள்ள கையோ காலோ வீங்கும்.

ஏரிக்கு இல்லாத வேலை ஒன்று கணுவுக்கு உண்டு. உடலில் ஐந்நூறு முதல் எண்ணூறு வரை கணுக்கள் இருப்பதாகச் சொல்வர். எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறும். அவரை விதை வடிவிலான ஒவ்வொன்றிலும் வெள்ளணு வகைகளான பி அணுக்கள் வெளிப்புறத்திலும், டி அணுக்கள் உட்புறத்தை ஒட்டியும், வடியும் வழியில் விழுங்கணுக்களும் குடியிருக்கின்றன. தோலில் காவல் நிற்கும் கிளையணு, நுழைந்த கிருமியின் துண்டை எடுத்துக்கொண்டு நிணநீரோடு கணுவுக்கு வந்து டி அணுக்களிடம் காட்டுகிறது. கோடிக்கணக்கானவற்றுள் அந்தத் துண்டை அடையாளம் காணக்கூடியவை மிகச் சில. அவை கண்டுகொண்டால் பெருகத் தொடங்கும். பி அணுக்களும் கிளம்பி ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருளை ஆக்கும். இந்தப் பெருக்கமே வீக்கம். கை வைத்தால் வலிக்கிற, நகர்கிற கணு பெரும்பாலும் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் கணு.

கண்டறிந்த வரலாறு சுருக்கமானது. இத்தாலியில் காஸ்பரே அசெல்லி 1622-இல் உணவுண்ட நாயின் குடலோரம் பால்நிற நாளங்களைக் கண்டார். 1651-இல் ழான் பெக்கே மார்பு நாளத்தை விவரித்தார். உடல் முழுவதும் இவ்வமைப்பு உண்டு என முதலில் உணர்ந்தவர் டென்மார்க்கின் பார்தோலினா, சுவீடனின் ருட்பெக்கா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை.

பிளேக் ஆண்டுகள்

1894-இல் ஹாங்காங்கில் அலெக்சாந்தர் எர்சான் பிளேக் கிருமியைக் கண்டது நோயாளியின் நெறிக்கட்டுக்குள்ளேதான். கிட்டசாட்டோவுக்கும் அதில் பங்குண்டு என்பாரும் உளர். நோய் 1896-இல் பம்பாயை அடைந்து, ரயில்வழி தெற்கே இறங்கி, 1898 ஆகஸ்டில் பெங்களூருக்கு வந்தது. முதல் நோயாளி ரயில்வே தொடர்புடையவர் என்று பல நூல்கள் கூறும். யார், எங்கிருந்து வந்தார் என்பதில் ஒற்றுமையில்லை.

ஊர் அப்போது இரண்டாகப் பிரிந்திருந்தது. பேட்டை எனப்பட்ட பழைய நகர் மைசூர் சமஸ்தானத்தின் கையில்; தண்டு எனப்பட்ட, 1809-இல் தொடங்கிய படைக்குடியிருப்பு பிரிட்டிஷாரின் கையில். அல்சூர், பிளாக்பள்ளி (இன்றைய சிவாஜிநகர்) முதலிய தண்டுப் பகுதிகளில் சென்னைப் படையோடும் அதன் பின்னும் வந்த தமிழர் நிறைந்திருந்தனர். சமஸ்தானத்தில் திவான் சேஷாத்ரி ஐயர். பிளேக் கமிஷனர் வி. பி. மாதவ ராவ். எல்லைக்கோடு கிருமிக்குத் தெரியாது என்பதை இரு நிர்வாகங்களும் விரைவில் அறிந்தன.

எலியின் மேலிருந்த தெள்ளுப்பூச்சி பெரும்பாலும் காலில் கடிக்கும். கடித்த இடத்தில் ஒன்றும் தெரியாது. கிருமி நிணநீரில் தானாகப் போகிறதா, வெள்ளணுக்கள் சுமந்து போகின்றனவா என்பது இன்றும் ஆய்விலுள்ளது. போய்ச் சேரும் இடம் தொடை இடுக்குக் கணு என்பதில் ஐயமில்லை. அங்கே விழுங்கணு அதை விழுங்குகிறது. விழுங்கப்பட்டவற்றில் ஒரு பகுதி சாகாமல் உள்ளிருந்தே பெருகி, உடற்சூட்டில் ஒரு புரத உறையைப் போர்த்துக்கொண்டு வெளிவருகிறது. அதன்பின் அதை விழுங்குவது கடினம். காவற்கூடமே எதிரியின் பண்ணையாகிவிடுகிறது. இரண்டு முதல் ஆறு நாளில் காய்ச்சலும் நடுக்கமும் எடுக்கும். கணு முட்டை அளவுக்கு வீங்கி, தொட விடாத வலியோடு உள்ளே அழுகும். இடுக்கில் துணி படுவதுகூடப் பொறுக்காமல் நோயாளி காலை மடக்கி வைத்தே கிடப்பார். மருந்தில்லாக் காலத்தில் இவ்வகையில் பாதிப்பேர் அளவுக்கு இறந்தனர்.

ஆய்வுக்கூடம் எட்டாத இடங்களில் நோயறிய இருந்த கருவி விரல்நுனி மட்டுமே. ரயில் நிலையங்களில் பயணிகளை வரிசையாக நிறுத்தி, நாடி பார்த்து, அக்குளிலும் இடுக்கிலும் நெறி தேடினர். அந்நியன் கை அங்கே படுவதைப் பெண்களும் அவர்கள் வீட்டாரும் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. இந்தியா முழுவதும் பிளேக் எதிர்ப்புக் கலகங்களுக்கு இச்சோதனையும், கட்டாயமாக முகாமுக்குக் கொண்டுபோவதும் முக்கியக் காரணங்கள். பல்வலியாலும் கால்புண்ணாலும் நெறி கட்டியவர்கள் எத்தனை பேர் முகாமில் அடைபட்டிருப்பர் என்பதற்குக் கணக்கில்லை. வீடுகளைக் காலி செய்து, ஓட்டைப் பிரித்து வெயில் விட்டு, கார்பாலிக் தெளித்தனர். தெள்ளுப்பூச்சியே கடத்துகிறது என்று பால் லூயி சீமோன் கராச்சியில் காட்டியது அதே 1898-இல்தான். அது ஏற்கப்படப் பத்தாண்டு ஆயிற்று. அதாவது பெங்களூர் நிர்வாகம் மண்ணையும் சுவரையும் துரத்திக்கொண்டிருந்தது.

பிளேக் முகாம்களில் பணியாற்றியவருள் ஒருவர் டாக்டர் பத்மநாபன் பல்பு. திருவனந்தபுரத்து ஈழவர், சென்னையில் மருத்துவம் படித்தவர். சாதியின் பேரால் திருவிதாங்கூர் அரசு வேலை தர மறுக்கவே மைசூர் அரசுப் பணிக்கு வந்தார். பெங்களூரில் அம்மைப்பால் தயாரிப்பையும் பின்னர் பிளேக் பணியையும் கவனித்தார் என்று அவர் வரலாற்றாசிரியர்கள் எழுதுவர். ஹாஃப்கின் 1897-இல் பம்பாயில் தன்மேலேயே சோதித்த பிளேக் ஊசி இங்கும் போடப்பட்டது. அந்த ஊசியும் கணுக்களை முன்கூட்டியே பழக்கும் வேலைதான். ஏன் பயன் தருகிறது என்று போட்டவர்களுக்கே அன்று முழுதாகத் தெரியாது.

இறந்தோர் 3,500 அளவில் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எண். எந்த ஆண்டுகளுக்கு, எந்தப் பகுதிக்கு என்பது தெளிவாக இல்லை. மக்கள்தொகைக் கணக்கு சற்று உறுதியானது. பேட்டையும் தண்டும் சேர்ந்து 1891-இல் 1,80,366 பேர், 1901-இல் 1,59,046. குறைந்தவர் எல்லாரும் இறந்தவரல்லர், ஓடிப்போனவரும் உளர். 1911-இல் எண்ணிக்கை 1,89,485 ஆக மீண்டது.

மல்லேசுவரமும் பசவனகுடியும் பிளேக்கால் பிறந்தவை என்று ஊரில் சொல்வர். திட்டம் 1892-லேயே தொடங்கிவிட்டது. குடியேற்றத்தை விரைவுபடுத்தியதே பிளேக் என்பது பொருத்தமாகத் தோன்றுகிறது. தண்டில் ஃபிரேசர் டவுன் எலி புகாத வீடுகளைக் கொண்ட பகுதியாகத் திட்டமிடப்பட்டது. அதன் பொறியாளர் ஜே. எச். ஸ்டீவன்ஸ் 1914-இல் அதைப்பற்றி ஒரு நூலே எழுதினார். நகருக்குத் தொலைபேசி வந்ததும் பிளேக் பணிக்காக என்பர். விக்டோரியா மருத்துவமனைக்கு 1897-லேயே அடிக்கல் நாட்டப்பட்டுவிட்டதால், பிளேக்குக்காகக் கட்டியது என்று சொல்வது சரியாகாது. 1900 டிசம்பரில் கர்சன் பிரபு திறந்தார். பெங்களூரின் தியாகராஜ நகரில் பிளேகம்மா கோயில் இன்றும் உண்டு. கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மனுக்குப் பல கோயில்கள். 

பிற்காலம்

ஸ்ட்ரெப்டோமைசின் 1940-களில் வந்தபின் பிளேக்கும் கணுக்காசமும் குணமாகக்கூடியவை ஆயின. பெல்லாரி சாலையில் அவலான் என்ற பழைய மாளிகையில் தேசியக் காசநோய் நிறுவனத்தை 1960-இல் நேரு திறந்துவைத்தார். அதன் உழைப்பில் உருவான நாட்டுத் திட்டம் சளியில் கிருமி உள்ளவரைத் தேடுவது. பிறருக்குத் தொற்றுபவர் அவரே என்பதால் அது நியாயம். கணுக்காசம் திட்டத்தின் ஓரத்திலேயே நின்றது. நுரையீரலுக்கு வெளியே வரும் காசத்தில் இந்தியாவில் மிகுதி அதுவே. வலியில்லாமல், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கழுத்தில் கிடக்கும் கட்டியில் மெல்லூசி போட்டு உறிஞ்சிப் பார்ப்பதே அதற்கு முதற்சோதனை.

யானைக்கால் நோய் பெங்களூரின் மண்ணுக்குரியதன்று. கலபுரகி, பீதர் பக்கமும் கடற்கரை மாவட்டங்களும் அதற்கு இடம். தமிழ்நாட்டில் கும்பகோணம் இதற்குப் பெயர்பெற்றிருந்தது. கொசு தந்த புழு நிணநாளத்தில் குடியிருந்து தடுக்கிதழ்களைக் கெடுப்பதால் கால் பெருக்கிறது. அதற்கான டி.இ.சி. மாத்திரையை, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகடா சுப்பாராவின் குழு அமெரிக்காவில் 1947-இல் வெளியிட்டது. மாத்திரை புழுவைக் கொல்லும். வீங்கிய காலைச் சுருக்காது. தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து, காலை உயர்த்தி வைப்பதே அதற்கு நீண்டகால மருத்துவம்.

பெங்களூரில் கித்வாய் புற்றுநோய் நிலையம் 1973-இல் தொடங்கியது. மார்பகப் புற்றுக்கு அக்குள் கணுக்களை எடுத்தபின் கை வீங்குவது நாடெங்கும் காணப்படும் தொல்லை. முதற்கணுவை மட்டும் சாயமிட்டுக் கண்டு எடுக்கும் முறை வந்தபின் அது குறைந்துவருகிறது.   2021-இல் கோவிட் ஊசி போட்ட கைப்பக்கம் அக்குளில் நெறி கட்டியது பலரை அச்சுறுத்தியது; சில வாரங்களில் தானே அடங்கியது. மூன்று வாரத்துக்கு மேல் அடங்காத, கெட்டியான, வலியில்லாத நெறியை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பழைய பிளேக் அலையின் கடைசி உறுதியான மனித நோயாளி, பெங்களூரிலிருந்து சென்னை செல்லும் பழைய சாலையில் கோலாரைத் தாண்டியுள்ள முல்பாகலில் 1966-இல் பதிவானார். 1994-இல் மகாராஷ்டிரத்திலும் சூரத்திலும் நோய் திரும்ப எழுந்தது. கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு மூன்றும் கூடும் அந்த எல்லைப்புறத்தில் காட்டெலிகளைப் பிடித்து இரத்தம் சோதிக்கும் பிளேக் கண்காணிப்புப் பிரிவு பெங்களூரில் இயங்குகிறது.