வேலையை விட்டுக் கண்ணாடிக் கலைக்கு: முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை

அலுவலக வேலையை விட்டுவிட்டுக் கண்ணாடிக் கலைஞராகப் போகிறேன் என்று வீட்டில் ஒருவர் சொன்னால், ஈசூனிலும் சரி, தேக்காவிலும் சரி, முதலில் எழும் கேள்வி ஒன்றுதான்: "வீட்டுக் கடனை யார் கட்டுவது?"

ஆசையைக் கெடுப்பதற்காகக் கேட்கப்படும் கேள்வியாக அதை நினைக்க வேண்டியதில்லை. உலகறிந்த கண்ணாடிக் கலைஞர்கள் சிலரும் அதற்குப் பதில் தேடிய பிறகே இந்தத் துறைக்கு வந்தார்கள்.

இருவர் வந்த வழி

தனிக் கலைஞர் ஒருவர் தம் சொந்தப் பட்டறையில் கண்ணாடியை உருக்கிப் படைக்கும் வழக்கம் அமெரிக்காவில் 1962ஆம் ஆண்டில் வேரூன்றியது. அதற்குமுன் உருகிய கண்ணாடி பெரும்பாலும் தொழிற்சாலைகளுக்குள்ளேயே இருந்தது. ஒஹாயோ மாநிலத்தின் டொலிடோ கலை அரும்பொருளகத்தில் ஹார்வி லிட்டில்டன் என்ற மட்பாண்டக் கலை ஆசிரியர் அவ்வாண்டு ஒரு பயிலரங்கை நடத்தினார். அவர் தயாரித்த கலவை சரியாக உருகவில்லை. டொமினிக் லபினோ என்ற பொறியாளர், கண்ணாடி இழை தயாரிக்கப் பயன்படும் கோலிக்குண்டுகளை உருக்கிப் பார்க்கச் சொன்னார். அது பலித்தது.

லபினோ அப்போது கண்ணாடி இழை நிறுவனம் ஒன்றின் ஆராய்ச்சிப் பிரிவுத் தலைவர். ஐம்பதுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் பெற்றவர். பயிலரங்கு முடிந்ததும் அவர் வேலையை உதறிவிடவில்லை. வீட்டருகே சொந்தமாக உலை கட்டி, ஓய்வு நேரத்தில் ஊதிப் பழகினார். 1965ல்தான் பணி ஓய்வு பெற்று முழுநேரக் கலைஞரானார். அதன்பிறகும் அந்நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்தார்.

இன்னொருவர் டேல் சிஹுலி. 2021ல் கரையோரப் பூந்தோட்டத்தில் இவருடைய படைப்புகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். உள்ளலங்காரம் படித்து, சியாட்டலில் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் வேலை பார்த்தவர். 1965ல் முதன்முதலாகக் கண்ணாடிக் குமிழ் ஒன்றை ஊதினார். மேற்படிப்புக்குப் பணம் சேர்க்க அலாஸ்காவில் மீன்பிடித் தொழில் செய்தார். பிறகு லிட்டில்டனிடம் பயின்றார். 1976ல் நடந்த கார் விபத்தில் இடக்கண் பார்வை போனது. 1979ல் தோள்பட்டையில் அடிபட்டது. அதன்பின் ஊதுகுழலை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு, வரைந்தும் வழிநடத்தியும் படைப்புகளை உருவாக்கினார். இது உடல் உழைப்பு மிகுந்த கலை. பெரும்பாலும் குழுவாகவே செய்யப்படுகிறது.

நமக்கு அந்நியமில்லை

புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் பண்டைக்காலத்திலேயே கண்ணாடி மணிகள் செய்யப்பட்டன. 1984ல் தொடங்கிய அகழாய்வுகளில், சிங்கப்பூரின் ஃபோர்ட் கேனிங் குன்றில் 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கண்ணாடி மணிகளும் பாத்திரத் துண்டுகளும் கிடைத்தன.

எந்த முறையில் தொடங்கலாம்?

கண்ணாடி வேலையில் மூன்று முறைகள் பரவலானவை.

ஊதுதல்: உலையில் 1,000 டிகிரி செல்சியசுக்கும் மேல் உருகிய கண்ணாடியைக் குழலில் எடுத்து ஊதுவது. பெரிய உலையை இரவு பகலாக எரியவிட வேண்டும் என்பதால் செலவு மிக அதிகம்.

சூளை வேலை: வெட்டிய கண்ணாடித் தகடுகளை அடுக்கி, மின்சூளையில் ஏறத்தாழ 800 டிகிரியில் ஒன்றாக உருக்குவது. தேவைப்படும்போது மட்டும் சூளையை இயக்கினால் போதும். புதியவர்களுக்கு ஏற்றது.

சுடர் வேலை: எரிவாயுச் சுடரில் கண்ணாடிக் கம்பியை உருக்கி மணி, பொம்மை, நகை செய்வது.

எந்த முறையானாலும் செய்த பொருளை மெதுவாக ஆறவிட வேண்டும். பல வகைக் கண்ணாடிகளுக்கு இது 500 டிகிரியை ஒட்டித் தொடங்கும். அவசரப்பட்டால் பல நாள் கழித்தும் விரிசல் விடும். வெப்பத்தில் ஒரே அளவு விரியும் கண்ணாடிகளையே சேர்க்க வேண்டும். கடைகளில் 90, 96 என்று எண் குறித்து விற்பது இதற்காகத்தான். சன்னல் கண்ணாடியையும் புட்டியையும் அவற்றோடு கலக்கக் கூடாது. கண்ணாடித் தூள் நுரையீரலுக்குக் கெடுதல் என்பதால், தேய்க்கும்போது தண்ணீர் விட்டே தேய்க்க வேண்டும்.

அடுக்குமாடி வீட்டில் செய்யலாமா?

வீவக வீட்டில் சிறு தொழில் செய்ய அனுமதி உண்டு. ஆனால் அண்டை வீட்டாருக்கு இடையூறு கூடாது. வீட்டுப் பயன்பாட்டுக்குப் பொருந்தாத கனரகக் கருவிகளும் கூடாது. வடிவமைப்பது, பொட்டலம் கட்டுவது, இணையத்தில் விற்பது ஆகியவற்றை வீட்டில் வைத்துக்கொள்ளலாம். சூளைக்கும் சுடருக்கும் முறையான பட்டறை இடம் பார்ப்பதே நல்லது.

சம்பளத்தோடு நின்றுபோவது

55 வயதுக்கு உட்பட்ட ஊழியருக்கு மத்திய சேமநிதியில் அவர் பங்கு 20 விழுக்காடு, முதலாளி பங்கு 17 விழுக்காடு. 4,000 வெள்ளிச் சம்பளம் என்றால் மாதம் 800 வெள்ளியும் 680 வெள்ளியும் கணக்கில் சேரும். வேலையை விட்டால் கைக்கு வரும் 3,200 வெள்ளியோடு இந்த 1,480 வெள்ளியும் நின்றுவிடும். சேமநிதியிலிருந்து வீட்டுக் கடன் கட்டுபவர்கள், சாதாரணக் கணக்கில் இருப்பு தீர்ந்ததும் ரொக்கமாகக் கட்ட வேண்டிவரும். மேலும், சுயதொழிலில் ஆண்டு நிகர வருமானம் 6,000 வெள்ளியைத் தாண்டினால் மெடிசேவ் கணக்குக்குப் பணம் செலுத்துவது கட்டாயம்.

வேலையை விடுமுன்

வார இறுதி வகுப்பில் சேர்ந்து ஓராண்டாவது பழகுங்கள். வெப்பமும் வெட்டுக்காயமும் உடைந்த பொருள்களும் உங்களுக்கு ஒத்துவருமா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

ஒரு பொருளுக்குக் கண்ணாடி, மின்சாரம், பட்டறை வாடகை, உடைந்துபோனவை, உங்கள் நேரம் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகிறது என்று எழுதி வையுங்கள். முன்பின் தெரியாதவர் அந்த விலை கொடுத்து வாங்குகிறாரா என்று பாருங்கள். சொந்தபந்தம் வாங்குவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

வகுப்பெடுப்பது, பரிசுப்பொருள் தயாரிப்பது, பகுதிநேர வேலை என இன்னொரு வருமானத்துக்கும் வழி செய்யுங்கள். கடன் தவணை, மருத்துவம், பிள்ளைகள் படிப்பு ஆகியவற்றைக் குடும்பத்தாரோடு உட்கார்ந்து பேசுங்கள்.

"வீட்டுக் கடனை யார் கட்டுவது?" என்ற கேள்விக்கு எண்களோடு பதில் சொல்ல முடிகிற நாளில் பதவி விலகல் கடிதத்தை எழுதலாம். அதுவரை சம்பளமே உங்கள் கலைக்கு முதல் புரவலர்.