சிமெண்ட் தோல் அழற்சி: கைகளைக் காத்துத் தொழிலில் நீடிக்க

கொத்தனார், சித்தாள், தளம் பதிப்பவர் ஆகியோரின் கைகளில் தோன்றும் அரிப்பையும் வெடிப்பையும் பலர் தொழிலின் இயல்பு எனக் கருதி விட்டுவிடுகின்றனர். இதனைக் கவனியாது விட்டால், அனுபவம் மிக்க தொழிலாளரும் சிமெண்டைத் தொட இயலாமல் வேலையை விட்டு விலக நேரிடலாம். தொடக்கத்திலேயே மருத்துவம் பெற்றால் பெரும்பாலோர் தொழிலைத் தொடர இயலும்.

காரணங்கள்

ஈரச் சிமெண்டின் பி.எச். மதிப்பு 12-க்கும் மேற்பட்டது; அது கடுங்காரம். தோலின் மதிப்பு ஏறத்தாழ 5 மட்டுமே. காரமும் மணலின் உராய்வும் சேர்ந்து தோலை அரிப்பதால் எரிச்சல் வகை அழற்சி உண்டாகிறது. இது எவருக்கும் வரலாம். தொடர்பைத் தவிர்த்தால் ஆறும்.

ஒவ்வாமை வகை வேறு. சிமெண்டில் மிகச் சிறிதளவு உள்ள குரோமியம் உப்பு இதற்குக் காரணம். பல மாதங்கள் அல்லது ஆண்டுகள் வேலை செய்த பின்னரே இது தோன்றலாம். வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீடிக்கும்; சிறிதளவு பட்டாலும் மீண்டும் அரிப்பு எழும். டென்மார்க்கில் 1983 முதலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் 2005 முதலும் சிமெண்டில் நீரில் கரையும் குரோமியத்திற்குப் பத்து இலட்சத்தில் 2 பங்கு என வரம்பு விதிக்கப்பட்டது. டென்மார்க்கில் அதன் பின்னர் கட்டுமானத் தொழிலாளரிடையே இவ்வொவ்வாமை குறைந்தது. எனவே இது தடுக்கக்கூடிய நோயே.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

• அரிப்பு, சிவப்பு, நீர்க்கொப்புளம் அல்லது வெடிப்பு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால்
• விடுமுறை நாட்களில் குறைந்து, வேலைக்குத் திரும்பியதும் மிகுந்தால்
• முன்கை, முகம், பாதம் ஆகியவற்றிற்குப் பரவினால்
• சீழ், வீக்கம், காய்ச்சல் இருந்தால்

அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவை அணுகி, உங்கள் வேலையின் விவரத்தைத் தவறாமல் கூறுங்கள். தேவைப்படின் முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்யப்படும். ஒட்டியவை இரண்டு நாட்களுக்குப் பின் அகற்றப்பட்டு, அடுத்த சில நாட்களில் மீண்டும் பார்வையிடப்படும். அதுவரை முதுகை நனைக்கலாகாது. மருந்துக் கடையில் தாமாகக் களிம்பு வாங்கிப் பூசுவதைத் தவிர்க்கவும்.

அவசர நிலை

ஈரக் கான்கிரீட் காலணிக்குள் புகுந்தாலோ, அதில் மண்டியிட்டு வேலை செய்தாலோ ஆழ்ந்த புண் ஏற்படலாம். வலி சில மணி நேரம் கழித்தே தெரியும். நனைந்த ஆடையை உடனே களைந்து, ஓடும் நீரில் குறைந்தது 20 நிமிடங்கள் கழுவுங்கள். கண்ணில் பட்டாலும் அவ்வாறே கழுவி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மஞ்சள், பற்பசை முதலியவற்றைப் பூச வேண்டாம்.

தடுப்பு முறைகள்

• முழங்கை வரை நீண்ட நைட்ரைல் அல்லது ரப்பர் கையுறையும் ரப்பர் பூட்ஸும் அணியுங்கள். தோல் கையுறை வேண்டாம். தோல் பதனிடுதலிலும் குரோமியம் பயன்படுகிறது.
• உள்ளே சிமெண்ட் புகுந்த கையுறையைக் கழற்றிவிடுங்கள். அணியாதிருப்பதைவிட அது தீங்கானது.
• மண்ணெண்ணெய், தின்னர் கொண்டு கை கழுவாதீர்கள். கலவைத் தொட்டி நீரும் ஆகாது. நல்ல நீரும் மென்மையான சோப்பும் போதும்.
• இரவில் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் தடவுங்கள்.

குடும்பத்தினருக்கும் மேஸ்திரிக்கும்

வேலை ஆடைகளைத் தனியே துவையுங்கள். ஒவ்வாமை உறுதியானவரை வேலையிலிருந்து நீக்குவது தீர்வன்று. கம்பி கட்டுதல், தச்சு வேலை, பொருள் இருப்புக் கணக்கு போன்ற ஈரச் சிமெண்ட் படாத பணிக்கு மாற்றினால் அவரது வருவாயும் அனுபவமும் காக்கப்படும். பணியிடத்தில் கை கழுவ நல்ல நீரும், அளவான கையுறையும் இருப்பது தொழிலாளரை நிலைநிறுத்தும் எளிய வழியாகும்.