பதவிக்கு வந்தவரிடம் 'எந்தத் தகுதியில் வந்தீர்?' என்று கேட்கலாமா?

ஒரகடம், வல்லம், இருங்காட்டுக்கோட்டை தொழிற்பேட்டைகளில் ஒப்பந்த வேலை பார்க்கும் நம் பிள்ளைகளில் சிலர், நைட் ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பியதும் குரூப் 4 புத்தகத்தைத் திறக்கிறார்கள். அப்படிப் படிக்கும் ஒரு தம்பி ஜும்ஆ முடிந்ததும் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், நம்மைத் தேர்ந்தெடுக்கிற டி.என்.பி.எஸ்.சி. உறுப்பினர்களை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? அதில் தப்பு நடந்தால் யாரிடம் கேட்பது?"

அவர்களை நியமிப்பவர் ஆளுநர் (அரசியல் சாசனம், பிரிவு 316). நடைமுறையில் பெயர்களை முடிவு செய்வது மாநில அரசுதான். பதவிக்காலம் 6 ஆண்டு அல்லது 62 வயது வரை. ஒருமுறை அமர்ந்துவிட்டால் நியமித்த அரசே நினைத்தாலும் நீக்க முடியாது. முறைகேடு புகார் என்றால் குடியரசுத் தலைவர் அதை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே விசாரித்த பிறகே நீக்கம். ஆகவே உள்ளே விடும்போதே சரிபார்த்தாக வேண்டும்.

2016 ஜனவரி 31 அன்று தமிழக அரசு 11 பேரை மொத்தமாக உறுப்பினர்களாக நியமித்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை! தி.மு.க.வின் டி.கே.எஸ். இளங்கோவன் உள்ளிட்டோர் வழக்குத் தொடுத்தனர். தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி ஆர். மகாதேவன் அமர்வு அவ்வாண்டு டிசம்பரில் 11 நியமனங்களையும் ரத்து செய்தது. தகுதியானவர்களைத் தேடி, ஒப்பிட்டு, ஆலோசித்து முடிவெடுத்த நடைமுறையே இல்லை என்பதுதான் குறை. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அம்முடிவை மாற்றவில்லை.

ஆட்கொணர்வு மனு நம் சமுதாயத்தில் அநேகருக்குத் தெரியும். அதன் உடன்பிறப்பான 'கோ வாரண்டோ' மனுவை அறிந்தவர்கள் குறைவு. 'எந்த அதிகாரத்தில் இப்பதவியில் இருக்கிறீர்?' என்று கேட்கும் மனு அது. பொதுப் பதவியாக இருக்க வேண்டும். நியமனம் சட்டத்துக்கு முரணாக இருக்க வேண்டும். மனு போடுபவர் அப்பதவிக்குப் போட்டியிட்டவராக இருக்க வேண்டியதில்லை. குடிமகனாக இருந்தால் போதும். ஆனால் அடுத்தவரின் இடமாறுதல், பதவி உயர்வை எதிர்த்துப் பொதுநல வழக்கு போட முடியாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

வழக்கு போட்டாலே பதவி போய்விடாது. மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் கல்யாணி மதிவாணனின் நியமனத்தை 2014-இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2015-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. அதே நாற்காலியில் பின்னர் அமர்ந்த செல்லத்துரையின் நியமனம், தேடல் குழு பெயர்களைத் தேர்ந்த விதம் சரியில்லை என்று 2018-இல் ரத்தானது.

டெல்லியிலும் இது நடந்தது. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையர் பி.ஜே. தாமஸின் நியமனத்தை 2011 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கேரள பாமாயில் வழக்கு அவர்மீது நிலுவையில் இருந்ததைத் தேர்வுக் குழு உரியபடி பரிசீலிக்கவில்லை. தேர்வுக் குழுவில் இருந்த எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா ஸ்வராஜ் அப்போதே ஆட்சேபித்திருந்தார். அந்த மனிதர் நல்லவரா என்பது மட்டுமல்ல, அந்த அமைப்பின் நாணயம் காக்கப்படுகிறதா என்றே நீதிமன்றம் பார்த்தது. பதவியை அமானிதம் என்று சொல்லி வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

தம்பி விடவில்லை. "அப்படி ரத்தானவர்கள் நடத்திய இன்டர்வியூவில் பாஸானவர்கள் கதி?" ஆந்திராவில் நியமனம் ரத்தான செஷன்ஸ் நீதிபதிகள் அதற்கு முன் வழங்கிய தீர்ப்புகள் செல்லும் என்று 1981-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பதவியில் இருந்தபோது செய்த வேலையை நம்பிய பொதுமக்கள் பாதிக்கப்படக் கூடாது என்பதே காரணம். ஆகவே உறுப்பினரின் நியமனம் ரத்தானது என்ற ஒரே காரணத்தால் தேர்வானவரின் வேலை பொதுவாகப் பறிபோகாது என்றோம். நிம்மதியாகப் பஸ் ஏறப் போனார்.