எல்லையற்ற மண்ணும் எல்லையுள்ள வட்டமும்: கசிணத் தியானத்தில் காட்சிப்பொருள் இடம்பெற்ற வரலாறு

கசிணத் தியானம், ஒரு பொருளைக் கண்ணால் பற்றி, கண்ணை மூடிய பின்னும் அதே தெளிவோடு அதை மனத்தில் நிறுத்தி, அந்த ஒன்றிலேயே மனத்தை அடங்கச் செய்யும் பௌத்தப் பயிற்சி. தேரவாத மரபில் இதன் நிலைபெற்ற வடிவத்தை விசுத்திமக்கத்தின் நான்காம் அத்தியாயம் தருகிறது. ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அநுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் எழுதிய நூல் அது. விடியல் நிறக் களிமண்ணில் புல், வேர், மணல் நீக்கிக் குழைத்து, ஒரு சாணும் நான்கு விரலும் குறுக்களவுள்ள வட்டமாகப் பூசி, மேடுபள்ளம் இல்லாமல் தேய்க்க வேண்டும். அதிலிருந்து இரண்டரை முழம் தள்ளி, ஒரு சாணும் நான்கு விரலும் உயரமான இருக்கையில் அமர வேண்டும். காரணங்களையும் நூலே சொல்கிறது. தூரம் கூடினால் வட்டம் தெளிவாகத் தெரியாது. குறைந்தால் அதன் குறைகள் கண்ணில் படும். இருக்கை உயர்ந்தால் கழுத்தைக் குனிய வேண்டிவரும். தாழ்ந்தால் முழங்கால் வலிக்கும். பயின்று பார்த்தவர்களின் அனுபவம் இந்த வரிகளில் தெரிகிறது.

புத்தரின் உரைகளைத் தொகுத்துத் தரும் நிகாயங்களில் இவற்றில் எதுவும் இல்லை. மஜ்ஜிம நிகாயத்தின் மகாசகுலுதாயி சுத்தம் (உரை) நிலம், நீர், தீ, காற்று, நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, ஆகாயம், விஞ்ஞானம் என்று பத்துக் கசிணங்களை அடுக்குகிறது. ஒவ்வொன்றையும் மேலும் கீழும் குறுக்கிலும் பிளவின்றி, அளவின்றி உணர்வதாகச் சொல்கிறது. வட்டம், களிமண், இருக்கை என்று எதையும் அது குறிப்பிடவில்லை. அளவின்றி உணரப்பட வேண்டிய நிலம், ஒரு சாண் வட்டமாக எப்படி, எப்போது சுருங்கியது?

இதற்கு நேர்விடை தராவிட்டாலும், அண்மைக் கால ஆய்வுகளில் அதிகம் எடுத்தாளப்படும் விளக்கம் அலெக்சாண்டர் வின் 2007இல் வெளியிட்ட, பௌத்தத் தியானத்தின் தோற்றம் பற்றிய நூலில் உள்ளது. ஆளார காலாமரும் உத்தக ராமபுத்தரும் புத்தருக்குக் கற்பித்ததாகச் சொல்லப்படும் அரூப நிலைகள் (உருவமற்ற தியான நிலைகள்) பழைய உபநிடத மரபைச் சேர்ந்தவை என்பது அவர் நிலைப்பாடு. பூதங்கள் மீதான தியானத்தையும் அவர் அந்த மரபோடு இணைக்கிறார். படைப்பு எந்த வரிசையில் விரிந்ததோ அதற்கு எதிர் வரிசையில் தியானி நிலத்திலிருந்து நீர், தீ, காற்று, ஆகாயம், விஞ்ஞானம் என்று ஒடுங்கிச் செல்கிறார். கசிணப் பட்டியலிலும் இந்த ஆறும் இதே வரிசையில் நிற்கின்றன.

அரூப நிலைகளைப் பற்றிய அளவில் வின்னின் வாதம் வலுவானது. மகாபாரதத்தின் மோட்சதர்மப் பகுதியை அவர் துணைக்கழைக்கும் விதமும் கவனமானது. ஆனால் கசிணத்துக்கு அது பொருந்த வேண்டுமானால், பட்டியலின் நடுவில் நிற்கும் நான்கு நிறங்களைப் பிற்சேர்க்கை என்று எடுத்து வைத்துவிட வேண்டும். பத்தில் நான்கை நீக்கிய பிறகு கிடைக்கும் ஒழுங்கு, பட்டியலின் ஒழுங்கா, ஆய்வாளரின் ஒழுங்கா என்ற கேள்வி தவிர்க்க முடியாதது. நான்கு நிறங்களும் தனித்து வந்தவையும் அல்ல. அதே சுத்தத்தில் கசிணங்களுக்குச் சற்று முன்பாகவே எட்டு அபிபாயதனங்கள், அதாவது உருவங்களைக் கண்டு அவற்றை மேற்கொள்ளும் நிலைகள், வருகின்றன. அவற்றின் பின் நான்கும் இதே நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளைதான். ஆளிப்பூவும் வாராணசித் துணியும் விடிவெள்ளியும் அங்கே நிறத்துக்கு எடுத்துக்காட்டாகின்றன. முன் நான்கில் தியானி வெளியே உருவங்களைக் காண்கிறார்: சில சிறியவை, சில அளவற்றவை. கசிண வாய்பாடு உணர்தலைப் பேசுகிறது. அபிபாயதன வாய்பாடு காண்பதைப் பேசுகிறது. சிறிய உருவம் ஒன்றைக் கண்ணால் பற்றும் பயிற்சிக்கு நிகாயத்துக்குள்ளேயே வேர் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. கசிணத்தின் கட்புலப் பாதியைப் பொறுத்தவரை, பிராமண மூலத்தைத் தேடிப் போவதற்கு முன் இந்த அண்டை வீட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்த கட்டமும் இதே திசையைக் காட்டுகிறது. அபிதம்ம நூலான தம்மசங்கணி ரூப தியானத்துக்கு எட்டுக் கசிணங்களையே கொள்கிறது. அதைத் தொடர்ந்து அபிபாயதனங்களை வைக்கிறது. ஆகாயமும் விஞ்ஞானமும் அரூப நிலைகளின் பக்கம் நகர்ந்துவிட்டன. விசுத்திமக்கம் பத்து என்ற எண்ணிக்கையைக் காப்பாற்றுகிறது. ஆனால் கடைசி இரண்டு இடங்களை ஒளிக்கும், எல்லையிட்ட ஆகாயத்துக்கும் கொடுத்துவிடுகிறது. சுவரின் துளை வழியாக விழும் வெளிச்சத்தைக் காணலாம், துளையையும் காணலாம், விஞ்ஞானத்தைக் கண்ணால் காண வழியில்லை. வின் எந்த உறுப்பை வைத்துப் பட்டியலை உபநிடதத்தோடு இணைத்தாரோ, அந்த உறுப்பையே பௌத்த மரபு தானாகக் கழற்றியிருக்கிறது. இந்த மாற்றம் மகாவிகாரைக்கு மட்டும் உரியதா என்பதில் எச்சரிக்கை தேவை. உபதிஸ்ஸரின் விமுத்திமக்கம், சங்கபாலர் 515இல் செய்த சீன மொழிபெயர்ப்பில் முழுமையாகக் கிடைக்கிறது. அதன் பட்டியலில் ஆகாயமும் விஞ்ஞானமும் அப்படியே நிற்கின்றன. அந்நூல் மகாவிகாரைக்குப் போட்டியான அபயகிரி மரபைச் சேர்ந்தது என்ற கருத்தும் அதற்கான மறுப்பும் இன்றுவரை தொடர்கின்றன.

வட்டத்தைப் பற்றிய மிக முக்கியமான சான்று, விசுத்திமக்கம் பெயர் சொல்லாமல் எடுத்தாளும் ஒரு சிறு பகுதி. அது பழைய அட்டகதையில் (உரைநூலில்) உள்ளது என்று விசுத்திமக்கத்துக்குத் தம்மபாலர் எழுதிய உரை குறிப்பிடுகிறது. அப்பகுதியின் கருத்து இது: நிலக் கசிணத்தைப் பற்றுபவர் செய்யப்பட்ட நிலத்திலோ செய்யப்படாத நிலத்திலோ நிமித்தத்தை, அதாவது மனத்தில் பதியும் உருவத்தை, கொள்கிறார். அந்நிலம் எல்லை உள்ளதாக இருக்க வேண்டும், எல்லையற்றதாக இருக்கக் கூடாது. அளவு ஒரு முறத்தின் அளவோ ஓர் அகலின் அளவோ இருக்கலாம். சுத்தம் அளவற்றது என்று சொன்ன இடத்தில், பழைய அட்டகதை எல்லையற்றதைச் சொல்லியே விலக்குகிறது. ஒரே கருத்தை வேறு வேறு சொற்களில் பலமுறை அடுக்கி எல்லையை வலியுறுத்துவதைப் பார்த்தால், எல்லையின்றிப் பயின்றவர்களும் இருந்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

செய்யப்படாத நிலம் என்ற தொடர் இன்னும் கூடுதல் கவனத்துக்குரியது. முற்பிறவியில் தியானம் கைவரப் பெற்றவருக்கு உழுத நிலத்திலோ நெல்லடிக்கும் களத்திலோ நிமித்தம் தானே தோன்றும் என்று புத்தகோசர் விளக்குகிறார். உழுத நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே நிமித்தம் பெற்ற மல்லகத் தேரரை அதற்குச் சான்று காட்டுகிறார். முற்பிறவி பற்றிய நிபந்தனை பழைய அட்டகதைப் பகுதியில் இல்லை. அங்கே இரண்டும் சமமான மாற்று வழிகள். மண்ணைக் குழைத்து வட்டம் செய்வது விதியான பிறகு, அதற்கு முந்திய வழக்கம் விதிவிலக்காக ஒதுக்கப்பட்டது என்று கொள்வதே பொருத்தம். சூளசுஞ்ஞத சுத்தத்தில், காட்டிலிருக்கும் பிக்கு மேடு, ஆறு, கட்டை, முள் எல்லாவற்றையும் கவனத்திலிருந்து விலக்கி, சுருக்கமின்றி இழுத்துக் கட்டிய காளைத்தோலைப்போல் நிலத்தை ஒன்றாக மனத்தில் கொள்கிறார். அங்கேயும் நிலம் செய்யப்படாததே. அந்தப் பரந்த நிலத்துக்கும் களிமண் வட்டத்துக்கும் இடையிலான படியாக உழுத வயலையும் களத்தையும் வைக்கலாம். களம் இயல்பாகவே வட்டமானது, மெழுகப்பட்டது, எல்லையுள்ளது. பிற்காலக் கசிண வட்டத்துக்கு வேண்டிய மூன்றும் அதில் இருக்கின்றன. ஒரு தொடரையும் ஒரு தேரரின் பெயரையும் மட்டும் நம்பி நிற்கும் வாதம் இது. மறுக்க விரும்புபவர்களுக்கு இடம் இருக்கிறது. ஆனாலும் இது பாளி நூல்களின் சொந்தச் சான்றில் நிற்கிறது. நான்கு நிறங்களை வெட்டி எறியவும் கோரவில்லை.

அளவற்றதையும் எல்லையுள்ளதையும் புத்தகோசர் இணைக்கும் முறை நுட்பமானது. வட்டத்தைக் கண்ணைத் திறந்து மூடிப் பார்த்துப் பழகும்போது, இரண்டு நிலையிலும் ஒன்றாகத் தெரிவது உக்கஹ நிமித்தம். அதன் பிறகு வட்டத்தின் முன் அமர வேண்டியதில்லை; இருப்பிடத்துக்குத் திரும்பி மனத்திலேயே பயிலலாம். உருவம் நழுவினால் மீண்டும் போய்ப் பற்றிவர வேண்டும். திரும்பி வந்து கால் கழுவிக்கொண்டிருக்கும் தாமதத்தைத் தவிர்க்க ஒற்றைத்தோல் செருப்பும், கையில் ஒரு கோலும் இருக்கட்டும் என்கிறது நூல். மனத்தின் தடைகள் அடங்கும்போது படிபாக நிமித்தம் எழுகிறது. முதலாவதில் வட்டத்தின் குறைகள் அப்படியே தெரியும். இரண்டாவதில் குறையும் இல்லை, நிறமும் இல்லை. அமைதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. குறை நீங்கிய அந்த உருவத்தையே பின்னர் ஒரு விரல், இரு விரல் என்று அளவு குறித்துக்கொண்டு அறை, முற்றம், விகாரை, ஊர், சக்கரவாளம் வரை விரிக்கலாம். சுத்தத்தின் அளவின்மை இவ்வாறு பயிற்சியின் தொடக்கத்திலிருந்து முடிவுக்கு நகர்த்தப்பட்டது.

இந்த இணைப்பைப் புத்தகோசரே செய்தாரா, பழைய அட்டகதையிலேயே இருந்ததா என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த அட்டகதை தனிநூலாக எஞ்சவில்லை. இதில் தென்னாட்டின் பங்கையும் உறுதியாக அளவிட முடியவில்லை. புத்தகோசர் காஞ்சியில் ஜோதிபாலரோடு இருந்ததை அங்குத்தர நிகாய உரையின் முடிவுரை சொல்கிறது. பழைய அட்டகதையை அடையாளம் காட்டிய தம்மபாலரை மரபு தமிழ்நாட்டின் பதரதித்த விகாரையோடு இணைக்கிறது. அந்தப் பெயரில் இருந்தவர் ஒருவரா இருவரா என்பதே முடிவாகாததால், அவர் காலத்தை நூற்றாண்டுக் கணக்கில் சுருக்க இயலவில்லை.

பிற்கால வரலாற்றுக்கு இலங்கையில் ஒரு முக்கியச் சுவடி வழிகாட்டுகிறது. தெல்தெனியாவுக்கு அருகே பம்பரகல விகாரையில் அநகாரிக தர்மபாலர் கண்டெடுத்து, ரைஸ் டேவிட்ஸ் 1896இல் யோகாவசரக் கையேடு என்ற பெயரில் பதிப்பித்த பாளி-சிங்களத் தியான நூல் அது. அதில் கண்ணுக்கு முன் நிற்பது மெழுகுத் திரி. இந்த முறை இலங்கையிலேயே தொடர்ந்து வந்ததா, 1753இல் சியாமிலிருந்து கண்டிக்கு வந்த உபாலித் தேரரின் குழுவோடு வந்ததா என்பதைச் சுவடியின் மொழிநடை மட்டும் தீர்க்கப் போதவில்லை. தென்கிழக்காசியச் சுவடிகளோடு வரிக்கு வரி ஒப்பிட்ட பிறகே அதன் காலத்தை நெருங்க முடியும்.