சீறா நின்ற இடமும் சின்ன சீறா தொடர்ந்த வழியும்

பெருங்காப்பியம் ஒன்று ஓரிடத்தில் நின்றுவிட, பின்வந்த புலவர் அதனைத் தொடர்ந்து பாடுவது தமிழுக்குப் புதிதன்று. கம்பர் முடிசூட்டு விழாவோடு தம் காப்பியத்தை நிறைவு செய்தார். அதன்பின் நிகழ்ந்தவற்றைக் கூறும் உத்தர காண்டத்தை ஒட்டக்கூத்தர் பாடினார் என்பது வழிவழிச் செய்தி. இத்தகைய தொடர்ச்சி நம் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திலும் உண்டு. உமறுப் புலவரின் சீறாப்புராணத்தைக் கேள்விப்படாத தமிழ் முஸ்லிம் இல்லம் அரிது. அதன் தொடர்ச்சியாக எழுந்த சின்ன சீறாவை அறிந்த இல்லங்களையோ விரல்விட்டு எண்ணிவிடலாம்.

வள்ளல் சீதக்காதியின் ஆதரவில் தொடங்கி, அபுல் காசிம் மரைக்காயரின் கொடையால் வளர்ந்தது சீறா. விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என மூன்று காண்டங்கள், 92 படலங்கள், 5027 பாடல்கள். அரபு நாட்டை வருணிக்க வந்த புலவர், மழை பொழிந்து வயல் விளையும் தமிழ் மருத நிலத்தையே அங்கு கொண்டுபோய் வைத்தார். வேடன் வலையில் சிக்கிய மான், கன்றுக்குப் பாலூட்டிவிட்டு மீள்வதற்காக அண்ணலார் பிணை நிற்பதையும், சொன்ன சொல் தவறாது மான் திரும்பி வருவதையும் கேட்டு வளர்ந்தவர்கள் நம் முன்னோர்கள். 1842ஆம் ஆண்டு புலவர் நாயகம் சேகு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அதனை அச்சேற்றிய பின்னர், ஏட்டில் இருந்த காப்பியம் பலர் கைக்கும் எட்டியது.

ஆயினும் சீறா முழுமை பெறவில்லை. உறனிக் கூட்டத்தார் படலத்தோடு, ஹிஜ்ரீ ஆறாம் ஆண்டளவில் அது நின்றுவிடுகிறது. ஹுதைபிய்யா உடன்படிக்கை (628), மக்கா வெற்றி (630), இறுதி ஹஜ்ஜும் அண்ணலாரின் மறைவும் (632) ஆகிய யாவும் அதற்கு அப்பாற்பட்டவை. புலவரின் ஆயுள் இடங்கொடுக்கவில்லை என்பர் சிலர். காப்பியத் தலைவரின் மறைவைப் பாட அவர் உள்ளம் துணியவில்லை என்பர் வேறு சிலர். எவ்வாறாயினும், ஒரு தலைமுறைக்குப் பின்னர் காயல்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் எஞ்சிய வரலாற்றை எடுத்துக்கொண்டு, 1732இல் சின்ன சீறாவைப் பாடி முடித்தார்.

உமறுவின் கற்பனை வளத்தை எதிர்நோக்கிச் செல்பவர் சின்ன சீறாவில் சற்று ஏமாற்றம் அடையக்கூடும். அந்த ஒப்பீடே அந்நூலுக்குப் பகையாயிற்று. நாமும் நெடுங்காலம் அதனைப் பிற்சேர்க்கை என்றே எண்ணி ஒதுக்கியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது ஒரகடம்.

1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் ஆலையும் கார் உற்பத்தியைத் தொடங்கின. திருப்பெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஏரியும் வயலுமாய் இருந்த நிலம் ஆலைகளின் வரிசையாயிற்று. தென்கோடி ஊர்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் அங்கு வாடகை வீடுகளில் வாழ்கின்றன. அத்தகைய வீடொன்றில், ஷிப்டு முடிந்து வந்தவர்களோடு, ரபீஉல் அவ்வல் மாத இரவுகளில் சீறா வாசித்தோம். ஹிஜ்றத்துக் காண்டம் முடிந்து நூலை மூடிய வேளை, மகனோடு வந்து தங்கியிருந்த மூதாட்டி ஒருவர் கேட்டார்: “நாயகம் ஊரை விட்டுப் போனதை இத்தனை ராவா வாசிச்சீங்களே வாப்பா, ஊர் திரும்பினதை எப்ப வாசிக்கப் போறீங்க?”

எமக்கு விடை சொல்ல நா எழவில்லை. ஊர் துறந்த செய்தியோடு நிற்கும் நூலையே ஊர் துறந்தோர்க்கு வாசித்திருந்தோம்! மறுவாரம் சின்ன சீறாவை எடுத்துச் சென்றோம்.

துரத்திய ஊருக்கே அண்ணலார் பெரும்படையுடன் திரும்பினார்கள், பழிவாங்கவில்லை, பொதுமன்னிப்பு வழங்கினார்கள். சுடுமணலில் கிடத்தி வதைக்கப்பட்ட பிலால் (ரலி), கஅபாவின் மேல் ஏறி பாங்கொலித்தார்கள். இவ்வரலாற்றைத் தமிழ்ச் செய்யுளில் கேட்டபின், உமறுவின் ஹிஜ்றத்துப் படலங்களை மீண்டும் புரட்டினோம். அதே பாடல்கள்தாம், ஆனால் மக்காவைப் பிரியும் துயரம் முன்போல் முடிவற்றதாய்த் தோன்றவில்லை. மீட்சி உண்டு என்று அறிந்தவரின் பொறுமை அதில் தெரிந்தது. பின்வந்த நூல் முன்னைய நூலின் பெருமையைக் குறைக்கவில்லை. அதைப் படிக்கும் நம்மையே மாற்றியது.

ஆகவே வாசக அன்பர்களை ஒன்று வேண்டுகிறோம். சீறாவை வைத்திருக்கும் இல்லத்தார் சின்ன சீறாவையும் தேடிப் பெறுங்கள். வரும் ரபீஉல் அவ்வலில் உமறு நிறுத்திய இடத்தில் நீங்களும் நிறுத்திவிடாதீர்கள். பிள்ளைகள் அண்ணலாரின் மக்கா மீட்சியையும் தமிழிலே கேட்கட்டும். வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக!