இஃப்தார் கடல்பாசியும் மன்னார் வளைகுடாப் பவளமும்

ரமலான் மாதத்தில் நோன்பு திறக்கும் வேளையில், பேரீச்சம்பழம், நோன்புக் கஞ்சி, வடை ஆகியவற்றோடு ஒரு தட்டில் கடல்பாசியும் வைப்பது தமிழ் முஸ்லிம் வீடுகளின் வழக்கம். பாலில் காய்ச்சினாலும் இளநீரில் காய்ச்சினாலும், பிள்ளைகளின் கை முதலில் செல்வது அதன் மீதுதான். கடலை விட்டு வெகு தொலைவில், பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கும் நம் ஆத்தூரிலும் இதே வழக்கம்தான். பெயரிலேயே கடல் இருந்தும், அது எந்தக் கடல், அதைப் பறிப்போர் யார் என்று நாம் கேட்பதில்லை. அந்த வரலாற்றைத் தேடிச் சென்றால் அது நம்மை மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளிடம் கொண்டு சேர்க்கிறது.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே 21 தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றைச் சூழ்ந்திருப்பவையே இப்பாறைகள். அல்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயத்தில் முத்தோடு சேர்த்துக் கூறப்படும் மர்ஜான் என்ற சொல்லைப் பவளம் என்றே நம் மொழிபெயர்ப்புகளில் காண்கிறோம். ஆபரணமாகும் செம்பவளம் வேறு, பாறை கட்டும் பவளம் வேறு; எனினும் இரண்டும் உறவுடைய உயிர்களே. பாறை கட்டும் பவளம் மிகச் சிறிய உயிரினம். தன்னைச் சுற்றிச் சுண்ணாம்பால் கூடு கட்டிக்கொள்ளும். அதன் சதைக்குள் கண்ணுக்குப் புலப்படாத ஒருசெல் பாசி குடியிருந்து, சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைத்துப் பெரும்பங்கைப் பவளத்திற்கே கொடுக்கிறது. பவளத்தின் நிறத்திற்கும் அப்பாசியே பெரும் காரணம்.

இக்கடலை நம் முன்னோர் நன்கறிவர். கீழக்கரை, காயல்பட்டினம் மரக்காயர்கள் இதன் வழியே கப்பல் ஓட்டினர். முத்தும் சங்கும் குளித்தெடுத்தோரில் முஸ்லிம்களும் இருந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் இங்கு வந்து ஆராய்ந்து எழுதினார். 1927இல் குருசடைத் தீவின் கடலுயிர்களைப் பற்றி அதே அருங்காட்சியகம் தனி நூலே வெளியிட்டது.

அறிஞர்கள் வியந்த அதே பாறையைச் சுண்ணாம்புக் காளவாய்கள் வேறு கண்ணால் பார்த்தன. வீடு கட்டவும் சுண்ணாம்பு நீற்றவும் பவளக்கல்லை எடுப்பது கடலோரத்தின் பழைய பழக்கம். தனுஷ்கோடியில் 1964ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் எஞ்சி நிற்கும் மாதா கோவிலின் சுவர்களில் இக்கற்களை இன்றும் காணலாம். ஊர்த்தேவைக்கு எடுத்தவரை கடல் தாங்கிக்கொண்டது. 1960களிலிருந்து தொழிற்சாலைகளுக்காகப் படகு படகாக வெட்டி எடுத்தபோது தாங்கவில்லை. பாறை என்பது தீவுக்கு அரண்; அரண் போனால் அலை நேரே மணலை அரிக்கும். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்னும் இரு தீவுகள் கடலுக்குள் மூழ்கின. வெட்டியவர்கள் அன்றாடக் கூலிக்கு உழைத்த ஏழைகள். அந்தச் சுண்ணாம்பு யார் யார் வீட்டுச் சுவருக்குப் போயிற்று என்று எவரும் கணக்கு வைக்கவில்லை.

1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்கா ஆயிற்று. 2001இல் பவளம் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டது. ஆயினும் வெட்டுதல் உண்மையில் நின்றது 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகே. சட்டம் சொன்னபோது கேளாத காதுகள் கடல் சொன்னபோது கேட்டன என்றே நமக்குத் தோன்றுகிறது.

இனி பாசிக்கு வருவோம். இரண்டாம் உலகப்போரில் ஜப்பானிலிருந்து வந்த அகர் தடைப்பட்டதால், இந்தியாவிலேயே அதைக் காய்ச்சும் முயற்சி தொடங்கியது. 1966 முதல் இராமநாதபுரம் கரையில் வணிகத்திற்காகப் பாசி பறிக்கப்பட்டு, மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குச் சென்றது. இவற்றில் மரிக்கொழுந்துப் பாசியே அகருக்குச் சிறந்தது. அது வளர்வது பவளக் கற்களின் மீது. நாம் வாங்கும் பொட்டலம் எந்தக் கடலினது என்று உறையைப் பார்த்து அறிவது கடினம். ஆனால் நம் கடலின் பாசியைப் பறிப்போர் பெரும்பாலும் பெண்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, கையால் பறிக்கின்றனர்.

பூங்கா வந்ததும் தீவோரம் அவர்களுக்குத் தடைசெய்யப்பட்ட இடமாயிற்று. கற்களைப் புரட்டிப் போட்டுப் பறித்தால் பவளம் சாகும் என்பது வனத்துறையின் நியாயம். பாட்டி காலத்துப் பிழைப்பைக் குற்றமாக்கினால் அடுப்பு எப்படி எரியும் என்பது பெண்களின் நியாயம். இரண்டில் ஒன்றை எளிதாகத் தள்ளிவிட நம்மால் இயலவில்லை. பெண்கள் தாமே கூடி, மாதத்தில் 12 நாள் மட்டுமே பறிப்பது என்று கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர். இதற்காகப் பாடுபட்ட சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது.

மாற்றுத் தொழிலாக வந்தது கப்பாபைகஸ் என்னும் அயல்நாட்டுப் பாசி. மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்த்தால் விரைவாகப் பெருகும்; பல குடும்பங்களுக்கு அது வருமானம் தந்தது. ஆனால் 2008இல் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அது குருசடைத் தீவின் பவளத்தின் மேல் பாய்போல் படர்ந்து ஒளியை மறைப்பதை வெளியிட்டனர். பவளத்தைக் காக்க வந்த மாற்றே பவளத்தின் மேல் ஏறி அமர்ந்தது.

இவையெல்லாம் மனிதர் கூடிப் பேசித் தீர்க்கத்தக்கவை. கடல்நீரின் சூடு அவ்வாறன்று. ஏப்ரல் முதல் ஜூன் வரை நீரின் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டி நீடித்தால், பவளம் தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் எலும்புபோல் வெளுக்கிறது. சூடு விரைவில் தணிந்தால் பாசி திரும்பும். தணியாவிட்டால் பவளம் பட்டினியில் மடியும். 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் இது பேரளவில் நிகழ்ந்தது. தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆய்வு நிறுவனத்தின் கணக்கில், முன்பு சுமார் 39 சதவீதமாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு 2016க்குப் பின் சுமார் 23 சதவீதமாகச் சுருங்கியது. அந்தச் சூட்டிற்குக் காரணமான புகையில், கடலையே பாராத ஊர்களின் வண்டிகளும் மின்விளக்குகளும் விட்ட பங்கும் உண்டு. ஆத்தூரும் அதில் விலக்கல்ல.

மாண்டவற்றுள் கிளைவிட்டு வளரும் வகைகளே அதிகம். உருண்டைப் பாறையாக வளர்பவை ஓரளவு தாங்கி நின்றன. இப்போது அந்நிறுவனத்தார் உயிருள்ள பவளத் துண்டுகளைச் சிமெண்ட் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வருகின்றனர். கிளைப் பவளம் நன்றாக வளர்ந்தால் ஆண்டிற்குச் சுமார் 10 சென்டிமீட்டர். உருண்டைப் பவளமோ ஒரு சென்டிமீட்டர் அளவே.